நூற்றுப் பன்னிரண்டரைக் கோப்புகள்

விக்டர் தன் வீட்டுக் கூரையைப் பிரித்தது கோதண்டராமன் சொன்ன ஒரே ஒரு சொல்லை நம்பித்தான்.

"ஆர்டர் ஆயிடுச்சுப்பா. தைரியமா பிரி. நாளைக்கு வந்து பேப்பரை வாங்கிக்க" என்றார் அவர். கண்காணிப்பாளர் வாயால் வந்த சொல் ஆயிற்றே! அன்று மத்தியானமே கொத்தனார் முருகையன் நாலு ஆட்களோடு ஏறி, உளுத்துப்போன கைமரம், பாசி பிடித்த ஓடு எல்லாவற்றையும் இறக்கிக் கொல்லையில் அடுக்கிவிட்டார். வீடு மொட்டையடித்துக்கொண்டு நின்றது. பாயில் மல்லாந்து படுத்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி நேராகத் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற காட்சியை விக்டர் ஓசியில் பார்த்துக்கொண்டு கொசுக்கடி வாங்கினான்.

அந்த வீட்டிலிருந்து கோட்டை தெரிகிறது, கோட்டையிலிருந்து அந்த வீடும் தெரிகிறது. வினையே அங்கேதான். கோட்டையின் கண்ணில் படுகிற தூரத்தில் யார் ஒரு ஓட்டை மாற்றினாலும் 'கோட்டைப் பார்வை எல்லைக் கட்டுமானத் தடையின்மைச் சான்றளிப்புச் சிறப்பு அலுவலகம்' சான்று கொடுக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு இடம் போதாமல் 'அலுவலகம்' என்ற கடைசிச் சொல் மட்டும் பக்கத்து உரக்கடைச் சுவரில் இருக்கிறது. அதனால் யூரியா வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் போகிறார்கள்.

சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கூரையைப் பிரிக்கச் சான்று வேண்டாம், போடுவதற்குத்தான் வேண்டும். பிரித்ததைப் பழையபடி எடுத்து வைத்தாலும் அது போடுவதுதான். சான்றில்லாமல் ஒரு ஓடு ஏறினால் வீட்டுக்குச் சீல்.

விக்டரின் மனைவி அருள்ஜோதி நிறைமாதமாக அனந்தபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் கூரை ஏறிவிடும் என்று அவன் மாதா கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் செய்திருந்தான். வீட்டுச் சுவரோ மண்சுவர். ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் பெய்தால் கூரை போட வீடே இருக்காது.

மறுநாள் பத்து மணிக்கு அலுவலகம் போனான். கம்ப்யூட்டர் முன்னால் அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். அந்த அலுவலகத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை.

"உங்க சான்று சிஸ்டத்துல சைன் ஆயிடுச்சுங்க. பிரிண்டுதான் வரல" என்றாள்.

"எப்பக்கா வரும்?"

"ஆவணியிலருந்து யாருக்குமே வரல. உங்களோட சேத்து இருநூத்தி ஏழு பேரு வரிசையில நிக்கிறாங்க."

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை இதுதான். பூசாரியான பிரிண்டர் மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நின்றது. விக்டருக்குப் பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. கை சும்மா இருக்குமா? "நான் பாக்கட்டுமாக்கா?" என்றான். கோதண்டராமன் தாராளமாகத் தலையசைத்தார். பொதுமக்கள் பங்கேற்பு என்று மாதாந்திர அறிக்கையில் ஒரு கட்டம் வெகுநாளாகக் காலியாக இருந்தது.

ரெண்டே நிமிஷத்தில் நோய் தெரிந்துவிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எதற்கு என்ன அமைப்பு என்று கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிற குறிப்பு அது. அதைச் சுத்தம் செய்து வேகமூட்டுவதற்கென்று சில மென்பொருள்கள் உண்டு. சுத்தம் செய்யுமுன், ஏதாவது ஏடாகூடமானால் திரும்ப வைக்க வசதியாக, குறிப்பு முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைக்கும். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால் அந்த நகலுக்கு வேலை இல்லை. கல்யாணம் முடிந்ததும் பந்தல்காலைப் பிடுங்குகிற மாதிரி அதைத் தூக்கிவிட வேண்டும்.

இங்கேயோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் கல்யாணம். வாரந்தோறும் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை வேகமூட்டி அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. அமிர்தவல்லி நூற்றுப் பன்னிரண்டு திங்கட்கிழமை வேகமூட்டியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு நகல். நூற்றுப் பதின்மூன்றாவது பாதி எழுதும்போது டிஸ்க் நிறைந்துபோய், அது அரையும் குறையுமாக நின்றுவிட்டது. அன்றையிலிருந்து பிரிண்டருக்கு மூச்சுவிட இடமில்லை.

"அவ்ளோதான்க்கா. இந்தப் பழைய பேக்கப்பை எல்லாம் தூக்கிட்டா பிரிண்டு தானா வரும். மூணு செகண்டு வேல."

"பல தடவ சொல்லிட்டேங்க. அழிக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லையாம்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

விக்டர் எல்லாக் கோப்பையும் தேர்வு செய்தான். டெலீட்டுக்கு விரலைக் கொண்டுபோனான். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பதிவறை எழுத்தர் பச்சைமுத்துவின் கை அது.

"இன்னா காரியம் பண்றே நீ? கவர்மெண்டு கோப்பை அழிக்கிறியா?"

பச்சைமுத்து பதிவறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பதிவறைக்குள் போன தாள் எதுவும் திரும்பி வந்ததில்லை. சாப்பிட்ட பொட்டலத்துத் தாளைக்கூட மடித்துத் தேதி போட்டு வைக்கிற மனுஷர். அவர் போட்ட சத்தத்தில் கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்து வந்தார். மேஜைக்கு முன்னால் நின்றாலே அவருக்கு மேடையில் நிற்கிற நினைப்பு வந்துவிடும்.

"இளைஞரே! இந்த அலுவலகம் தொடங்கிய நாள்முதல் ஒரே ஒரு ஆவணத்தைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை. ஏன்? யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. கொடுத்தால்தானே தொலையும்!"

"சார், இது ஆவணமே இல்ல சார். கம்ப்யூட்டரு எடுத்த நகலு. குப்பை சார்."

"குப்பை என்று சொல்ல நீ யார்? குப்பையா இல்லையா என்று முடிவுசெய்ய ஒரு குழு இருக்கிறது. இல்லையென்றால் அமைப்போம்." பச்சைமுத்து பக்கம் திரும்பினார். "இன்று முதல் இந்தக் கம்ப்யூட்டர் நடவடிக்கையில் உள்ளது. யாரும் தொடக் கூடாது. வேகமூட்டுவதற்கு மட்டும் திங்கட்கிழமை தொடலாம்."

அப்படி அமைந்ததுதான் கோப்பு அழிப்புக் குழு. தலைவர் கோதண்டராமன், உறுப்பினர் பச்சைமுத்து. விக்டரைச் சிறப்பு அழைப்பாளராகப் போட்டார்கள். சிறப்பு அழைப்பாளர் வரலாம், உட்காரலாம், பேசக் கூடாது.

முதல் கூட்டத்தில் எல்லாக் கோப்புக்கும் எண் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றும் எத்தனை காலம் இருக்க வேண்டியது என்று தரம் பிரிக்க வேண்டும்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். ஆபத்துக்கு உதவ எடுத்த நகல்கள் இவை, ஆபத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே நிரந்தரம் என்றார் பச்சைமுத்து. நிரந்தரமானதை அழிக்க முடியாதே என்று விக்டர் பேசக் கூடாத வாயைத் திறந்தான். அழிப்பது வேறு, தரம் வேறு, ரெண்டையும் குழப்பக் கூடாது என்று கோதண்டராமன் அவனை அடக்கினார்.

அரைக் கோப்பில்தான் வண்டி மக்கர் செய்தது. அது கோப்பா, கோப்பு இல்லையா? கோப்பு என்றால் மீதிப் பாதி எங்கே, யார் எடுத்தது? கோப்பு இல்லை என்றால் டிஸ்க்கில் எப்படி இடம் பிடித்தது? ஒன்றரை நாள் பேசி, வரிசை எண் நூற்றுப் பன்னிரண்டரை என்று போட்டு, மீதிப் பாதி கிடைத்தவர்கள் ஒப்படைக்கலாம் என்று அடிக்குறிப்பு எழுதினார்கள்.

அழிக்கும் முன் கோப்பைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த விதி. பச்சைமுத்து முதல் கோப்பைத் திறக்கச் சொன்னார். நாலு லட்சம் வரி. மூன்று நாள் கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, உதடு அசையப் படித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கவலையோடு எழுந்து வந்தார்.

"சார், கதை ஒண்ணும் பிடிபடல. ஆனா டி.வேர்டுன்னு ஒருத்தர் பேரு பக்கத்துக்கு இருவது வாட்டி வருது. எல்லா எடத்துலயும் அவருக்கு சைபர்தான் குடுத்திருக்காங்க. பாவம் சார் அந்த ஆளு."

"பாதிக்கப்பட்ட நபர்" என்றார் கோதண்டராமன். "அவருக்குத் தனியாக நோட்டீஸ் போகட்டும்."

டி.வேர்டு என்பது ஆள் இல்லை, எண்ணைக் குறிக்க ரெஜிஸ்ட்ரி எழுதிக்கொள்கிற சொல் என்று விளக்கச் சிறப்பு அழைப்பாளருக்கு வாய் இல்லை. திரு. டி.வேர்டு, கோட்டை அடிவாரம், செஞ்சி என்று பதிவுத் தபால் போனது. மேற்படி முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்கும் ஒரு எண் போட்டு, நிரந்தரத்தில் சேர்த்தார்கள்.

அன்றைக்கு அருள்ஜோதி போன் செய்தாள்.

"இன்னாங்க, சாப்டீங்களா? கூரை ஏறிச்சா?"

"ஏறிடும் ஜோதி. ஒரு கோப்பை அழிக்கணும், அதான் பாக்கி."

"அழிக்கிறதுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

"மூணு செகண்டு."

"நீங்க போயி பன்னெண்டு நாளு ஆவுது."

"நடுவுல ஒருத்தருக்கு நோட்டீஸ் போச்சு ஜோதி, அவரு ஊருல இல்ல..."

"தோ பாருங்க, டாக்டரம்மா அடுத்த வெள்ளிக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. எனக்கு வலி எடுத்தா உங்க குழுவைக் கேட்டுக்கினு நிக்காது." போனை வைத்துவிட்டாள். விக்டர் அண்ணாந்து பார்த்தான். கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருமேகம் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் கொடுத்து, அனந்தபுரம், தொண்டூர், சீயமங்கலம் வரைக்கும் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். "நூற்றுப் பன்னிரண்டரைக் கோப்புகள் அழிக்கப்பட உள்ளன" என்று மட்டும் சொன்னார்கள். என்ன கோப்பு என்று சொல்வது ரகசியக் காப்புக்கு விரோதம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். வரிசையில் நிற்கிற இருநூற்று ஏழு பேரும் அதில் அடக்கம். சுண்டல்காரர்கூட வந்திருந்தார்.

தொண்டூர் பாக்கியசாமி முதலில் எழுந்தார். மாட்டுக் கொட்டகைக்குச் சான்று கேட்டு நாலு மாதமாக நடக்கிறவர் அவர். தொண்டூரிலிருந்து கோட்டை தெரியாது. மாடு மேயப் போகிற இடத்திலிருந்து தெரிகிறதாம்.

"அது இன்னா கோப்புன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா கவர்மெண்டு ஒண்ண அழிக்கிறதுக்கு இவ்ளோ சுறுசுறுப்பா இருக்குதுன்னா, அதுல நமக்கு நல்லது ஏதோ இருக்குது. நான் ஆட்சேபம் பண்றேன்."

கூட்டம் கைதட்டியது. விக்டர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, உங்க கொட்டகைச் சான்றும் அந்த மிஷினுக்குள்ளதான் மாட்டிக்கினு இருக்குது. அத அழிச்சாதான் இது வரும்."

பாக்கியசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆட்சேபம் வாபஸ். இன்னிக்கே அழிங்க!" கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. ரெண்டு கைதட்டலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறின.

எல்லாம் முடிந்தது, வெள்ளிக்கிழமை அழிப்பு என்று தேதியும் குறித்தாயிற்று என்று விக்டர் பெருமூச்சு விட்டபோதுதான் பச்சைமுத்து விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஆவணங்களை அதிகாரி முன்னிலையில் தீயிட்டு எரித்துச் சாம்பலாக்க வேண்டும் என்று இருந்தது.

"டெலீட்டுன்னு எங்கயும் போடல சார். எரிக்கணும்னுதான் போட்டிருக்குது. கோப்பு மிஷினுக்குள்ள இருக்குது. அப்ப மிஷினைத்தான் எரிக்கணும்."

கோதண்டராமன் கண்ணை மூடி யோசித்தார். "மண்ணெண்ணெய்க்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா?"

அந்தப் பெட்டிக்குள் விக்டரின் கூரை இருந்தது, பாக்கியசாமியின் கொட்டகை இருந்தது, இருநூற்றைந்து பேரின் சுவரும் கழிப்பறையும் படிக்கட்டும் இருந்தன. பேசக் கூடாத சிறப்பு அழைப்பாளர் கோதண்டராமன் காலைத் தொடாத குறையாகக் குனிந்தான்.

"சார், சார்! ஊர்ல சூரனை வதம் பண்ணா நெசமாவா பண்றாங்க? பொம்மையத்தானே! கோப்பு லிஸ்டைப் பேப்பர்ல எழுதி அத எரிங்க. அதே நேரத்துல இங்க டெலீட்டை அமுக்குங்க. ரெண்டும் ஆச்சு. மிஷினு தப்பிச்சுக்கும்."

கோதண்டராமன் முகத்தில் விளக்கு எரிந்தது. "விழா!" என்றார். "இணை இயக்குநரை அழைப்போம்!"

பட்டியலை அமிர்தவல்லி கையால் எழுதினாள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தார்கள். ஒரு பிரதி எரிக்க, முத்திரை குத்திய ஒரு பிரதி பதிவறைக்கு, மற்றவை மேலதிகாரிகளுக்கு. ஒரு பக்கம் மட்டுமே அச்சு, பின்பக்கம் வெள்ளை. கட்டுக்கட்டாக வந்து மேஜையில் அடுக்கி நின்றது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டே காலுக்கு இணை இயக்குநர் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கினார். வாசலில் வாழைமரம், கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு. மவுசுக்கும் ஒரு பொட்டு வைத்ததில் அது வழுக்கியது. கோதண்டராமன் பஸ் ஸ்டாண்டில் விருத்தாம்பாள் கடையில் சொல்லிக் கட்டவைத்த ரோஜா மாலையை இணை இயக்குநர் கழுத்தில் போட்டார். ரெண்டு கிலோ இருக்கும். இணை இயக்குநர் கனத்தில் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தார்.

விக்டரின் போன் அடித்தது. மாமியார். "மாப்ளே, ஜோதிக்கு வலி எடுத்துடுச்சு, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டோம். நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க!" அவர் சொன்ன சத்தத்திலேயே டென்ஷன் ஏறிவிட்டது. வெளியே முதல் தூறல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, வீட்டுச் சுவருக்குத் தார்ப்பாய் மூட ஓடுவதா, இங்கேயே நிற்பதா? மூன்று பக்கமும் இழுத்ததில் அவன் நகராமல் நின்றான்.

இணை இயக்குநர் பேசினார். "என் இருபத்தொன்பது ஆண்டுப் பணியில் என் மேல் ஒரு குற்றச்சாட்டு கிடையாது. காரணம், நான் ஒரு முடிவும் எடுத்தது கிடையாது. வருகிற கோப்பை வந்த மாதிரியே அனுப்பிவிடுவேன். இளைய அலுவலர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் நம்மிடம் வருவது தீர்வுக்காக அல்ல. நம்மிடம் வருவதற்காக!" பச்சைமுத்துவின் கண் கலங்கியது.

வாசலில் இரும்புச் சட்டியில் பட்டியலின் முதல் பிரதி எரிந்தது. உள்ளே எல்லாக் கோப்பையும் தேர்வு செய்து வைத்த திரையை அமிர்தவல்லி காட்டினாள். மணி பன்னிரண்டே முக்கால். இணை இயக்குநர் ஆள்காட்டி விரலை நீட்டினார். நாதஸ்வரம் மட்டும்தான் குறை. விக்டர் சொல்லிக் கொடுத்த ரெண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'இவற்றை நிரந்தரமாக அழிக்க விரும்புகிறீர்கள். உறுதிதானா?'

இணை இயக்குநர் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன இது? என்னைப் பார்த்து உறுதியா என்று கேட்கிறது?"

"ஆமான்னு அமுக்குனா போதும் சார்" என்றான் விக்டர்.

"ஆமாம் என்றா? நானா?" அவர் முகம் வெளுத்தது. "இந்தக் கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். பரிசீலித்து, தேவைப்பட்டால் கருத்துரு கேட்டு, தலைமையகத்துக்கு அனுப்புவேன். ஆறு மாதத்தில் ஒரு பதில் வரும். அதுவும் கேள்வியாகத்தான் இருக்கும்."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. வெளியே தூறல் வலுத்து மழையானது. விக்டரின் மனக்கண்ணில் மண்சுவர் வடக்கு மூலையில் மெல்லச் சரிந்தது.

விழா முடிந்துவிட்டது என்ற பாவனையில் இணை இயக்குநர், நம் ஊரில் எந்தப் பெரிய மனுஷரும் செய்வதைச் செய்தார். கழுத்து மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று பார்க்கிற வழக்கம் பெரிய மனுஷர்களுக்கு இல்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் போடுவார்கள். ரெண்டு கிலோ ரோஜா தொப்பென்று கீபோர்டின் மேல் விழுந்தது. குஞ்சம் நேராக என்டர் மேல் போய் உட்கார்ந்தது.

திரையில் ஒரு பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடியது. மூணு செகண்டு என்று விக்டர் சொன்னது தப்பு. நாலு செகண்டு ஆனது. நூற்றுப் பன்னிரண்டரைக் கோப்பும் போயே போச்சு!

மூலையில் பூசாரி 'கிர்ர்ர்' என்று கனைத்தது. ஆவணியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த தொண்டை திறந்து, முதல் தாள் வெளியே வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"பாக்கியசாமி, தொண்டூர், மாட்டுக் கொட்டகை!" அமிர்தவல்லி ஜன்னல் வழியாகக் கத்தினாள். மழையில் நனைந்து நின்ற கூட்டத்திலிருந்து விசில் பறந்தது. அதன்பிறகு அவள் கத்தக் கத்தக் கைகள் ஜன்னலுக்குள் நீண்டன. படிக்கட்டு வந்தது, குளியலறை வந்தது, சுற்றுச்சுவர் வந்தது. சுவர் விழுந்து மூன்று மாதமாகிவிட்ட ஒருவருக்கு அதைத் தாங்கிப் பிடிக்கச் சான்று வந்தது. அவர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோதண்டராமன் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "நிறுத்து! அச்சிட ஆணை இல்லை! யார் அமுக்கியது?"

"நான் இல்லை" என்றார் இணை இயக்குநர் உடனே. "மாலை. கழுத்தில் இருந்தவரை என் பொறுப்பு. கழற்றிய பிறகு அது அலுவலகச் சொத்து." சொல்லிவிட்டுக் குடையைக் கேட்டார்.

பிரிண்டர் திடீரென்று நின்றது. தாள் தீர்ந்துவிட்டது. இருநூற்று ஆறு சான்று வந்திருந்தது. வராத ஒன்று கடைசியாக வரிசையில் சேர்ந்தவனுடையது.

"அக்கா, பேப்பர்!" விக்டர் அலறினான்.

"பேப்பர் கேட்டு மேல இண்டென்ட் போடணும். மூணு வாரம்" என்றார் பச்சைமுத்து.

அமிர்தவல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருஷமாக அவரைச் சகித்த பார்வை அது. மேஜையில் இருந்த பதிவறைப் பிரதியின் கட்டிலிருந்து அடித்தாளை உருவி, வெள்ளைப் பக்கம் தெரிய பிரிண்டரில் செருகினாள். கிர்ர்ர். விக்டர், கோட்டை அடிவாரம், ஓட்டுக் கூரை.

அவன் எடுப்பதற்குள் கோதண்டராமன் அதைப் பறித்துக்கொண்டார். "இது முறைகேடான பிரதி. ஒன்றாவது என் கையில் கிடைத்ததே! இதை இங்கேயே கிழித்து..."

"சார்!" பச்சைமுத்து கத்திய கத்தலில் அவர் கை நின்றது. "அதக் கிழிக்கப்படாது சார்! பின்பக்கம் பாருங்க!"

பின்பக்கத்தில் பட்டியலின் கடைசித் தாள் இருந்தது. வரிசை எண் நூற்றாறு முதல் நூற்றுப் பன்னிரண்டரை வரை, ஒவ்வொன்றுக்கும் நேராக 'நிரந்தரம்' என்று முத்திரை.

"மூலக் கோப்பு அழிஞ்சு போச்சு. மத்த பிரதியில முத்திரை கெடையாது, இப்ப உலகத்துல நூத்திப் பன்னெண்டரைக்கு முத்திரை போட்ட ஒரே ஆதாரம் இந்தத் தாளுதான். கிழிச்சா ரெண்டு பேருக்கும் பென்ஷன் போயிடும் சார்."

கோதண்டராமன் அவசரமாகத் தாளை அவரிடம் நீட்டினார். "அப்படியானால் பதிவறையில் வையுங்கள்."

"பின்னாடி சான்று இருக்குதே சார். சான்றை மனுதாரருக்குக் குடுக்காம வெச்சிக்கிட்டா அதுவும் விதி மீறல்." பச்சைமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளை வெளியே விடுவது பற்றி யோசித்தார். வேர்த்துவிட்டது. கடைசியில் விக்டர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, பாதுகாப்புல வெச்சிருக்கச் சொல்லி உன்கிட்ட ஒப்படைச்சா, பத்திரமா வெச்சிருப்பியா? நனையக் கூடாது."

"நனையும் சார்" என்றான் விக்டர். அவனுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து புத்தி வந்ததோ! "என் வூட்ல கூரையே இல்லியே சார்."

பச்சைமுத்து பதறிப்போனார். நிரந்தர ஆவணம், மழைக்காலம், கூரையில்லாத வீடு! அங்கேயே நின்று எழுதினார்: 'மேற்படி ஆவணத்தின் பாதுகாப்பைக் கருதி, மனுதாரர் தன் வீட்டுக்கு மூன்று நாட்களுக்குள் கட்டாயம் கூரை அமைக்க வேண்டும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' கோதண்டராமன் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை, படிக்கிற வழக்கம் இல்லை.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை அருள்ஜோதியே. குரல் சோர்ந்திருந்தாலும் சுருதி குறையவில்லை.

"பொண்ணு பொறந்திருக்குது. கூரை இன்னா ஆச்சு?"

"ஜோதி! பொண்ணா! ஐயோ மாதாவே!" விக்டர் சட்டைக்குள் தாளைச் செருகிக்கொண்டு மழையில் ஓடினான். ஓடிக்கொண்டே சொன்னான்: "கூரை போடலேன்னா நடவடிக்கை எடுப்பேன்னு கவர்மெண்டே மெரட்டுது ஜோதி!"

முருகையன் ஆட்கள் மழை விட்ட நேரத்தில் ஏறினார்கள், பெய்த நேரத்தில் இறங்கினார்கள். வடக்கு மூலையில் ரெண்டடி சுவர் கரைந்ததுதான் நஷ்டம். மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, விக்டர் மேலே குந்தியபடி கடைசி வரிசை ஓட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அமிர்தவல்லி போன் செய்தாள்.

"விக்டரு, பாப்பா நல்லா இருக்குதா? ஒரு சந்தேகம். இன்னிக்குப் பத்து மணிக்கு வேகமூட்டுனேன். புதுசா ஒரு பேக்கப்பு விழுந்திருக்குது. இத நான் அழிச்சா கேள்வி கேப்பாங்க. அழிக்கலன்னா ரெண்டு வருஷத்துல மறுபடியும் அடைச்சுக்கும். இன்னா பண்றது?"

விக்டர் ஒரு ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டையைப் பார்த்து யோசித்தான்.

"போன வாரம் மாலைய யாராவது கேள்வி கேட்டாங்களாக்கா?"

"இல்லியே. மெமோ அடிச்சாங்க. யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியாம பச்சைமுத்து சார் நிரந்தரத்துல வெச்சுட்டாரு."

"அப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஒரு மாலை வாங்கிக்கினு வாங்க."

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் பத்தேகால் மணிக்கு விருத்தாம்பாள் கடையிலிருந்து ஒரு ரோஜா மாலை போகிறது. கனமாகக் கட்ட வேண்டும், குஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அமிர்தவல்லி தவறாமல் சொல்லிவிடுவாள். எந்தச் சாமிக்கு என்று விருத்தாம்பாள் ஒருநாள் கேட்டாள்.

"எங்க ஆபீசுல முடிவு எடுக்கிறது அது ஒண்ணுதான்க்கா" என்றாள் அமிர்தவல்லி. "நல்லா இறுக்கிக் கட்டுங்க."